பதினேழாம் பக்கம்

சஹமில் எங்கள் வாடகை வீட்டுப் பின்புறம்
ஓர் இலந்தை, மூன்று பேரீச்சை,
எங்களுக்கு முன் குடியிருந்த யாரோ
நட்டுவிட்டுப் போன முருங்கை.
ஏசியின் தண்ணீர் இலந்தையடியில் சொட்டும்.
மே மாதத்தில் எங்களுக்கு அதுதான் ஆறு.

மொபிசுல் அங்கே பேரீச்சை மட்டைகளை
நறுக்கிப் பரப்பியிருந்தான்.
மேலே ஆட்டுக்காரர் கழித்த வைக்கோல்,
அதற்கும் மேலே சந்தையில் பொறுக்கிய வாழையிலை.
தக்காளிக்கென்று போட்ட மெத்தை.
தக்காளி ஒரே வாரத்தில் வெந்துபோனது.
"கலாஸ்" என்று கையை உதறினான்.

பிறகு ஒரு புதன்கிழமை
வைக்கோலை முட்டிக்கொண்டு
காடை முட்டை அளவில் சாம்பல் உருண்டைகள்.
மாலைக்குள் உறை கிழிந்து
அடியில் கிண்ணம், மேலே குடை.

"வைக்கோல் காளான்தான், சட்டியைக் கழுவு" என்றான் லூர்துராஜ்.
மருந்துக்கடை ஜெரோம் சட்டியைப் பிடுங்கி வைத்தான்.
இதே சாயலில் இன்னொன்று உண்டு.
அதற்கும் முட்டை, அதற்கும் கிண்ணம்.
தின்ற ராத்திரி குடலைப் புரட்டும்,
மறுநாள் எல்லாம் சரியானதுபோல் சிரிக்க வைக்கும்,
மூன்றாம் நாள் ஈரலைக் கேட்கும்.
"குடையின் தூள் வெள்ளையாக விழுந்தால்
கிட்டயே போகாதே.
சிவந்து விழுந்தால், அப்போதும் யோசி."

என் டைல்ஸ் பட்டியலில் பதினேழாம் பக்கம்
பாதி கறுப்பு கிரானைட், பாதி பால்வெள்ளை மார்பிள்.
கிழித்தேன்.
இரண்டு நிறத்துக்கும் நடுவே
ஒரு குடையைக் காம்பு நறுக்கிக் கவிழ்த்து
டம்ளரால் மூடினோம்.

அன்று காலைதான்
பத்தாக்கா புதுப்பிக்கப் போயிருந்தேன்.
கண்ணாடியில் பத்து விரலும் வைத்தேன்.
"மறுபடி" என்றது இயந்திரம்.
துடைத்து வைத்தேன். மறுபடி.
பதினோரு வருஷச் சிமெண்டு,
கறை எடுக்கும் ஆசிட்,
இடுக்கில் பூசும் வெள்ளைப் பொடி.
யார் வீட்டுத் தரையிலோ இருக்கின்றன
என் ரேகைகள்.
அலுவலர் நல்ல மனுஷன்.
எண்ணெய் தடவு,
ஒரு வாரம் வேலை செய்யாதே,
அப்புறம் வா என்றார்.
ஒரு வாரம் என்பது எத்தனை சதுர மீட்டர்
என்று அவருக்குத் தெரியாது.

ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்
டம்ளரைப் பார்த்தேன். தூக்கவில்லை.

விடிந்ததும் தூக்கினோம்.
வேகவைத்த இறாலின் நிறத்தில்
மடிப்புக்கு ஒரு கோடாக,
ஒரு வரியும் அழியாமல்,
நட்டநடுவில் காம்பு நின்ற வட்டத்தோடு
ஒரு முழுப் பதிவு.
கறுப்பில் லேசாக, வெள்ளையில் பளிச்சென்று.
விரலே இல்லாத ஒன்று
ஒரே தடவையில் வைத்த ரேகை.
நான்கு பேரும் குனிந்து பார்த்தோம்.
யாரும் தும்மிவிடக் கூடாதென்று
லூர்துராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

யார் முதலில்?
கடன் இல்லாதவன் தின்னட்டும் என்றான் ஜெரோம்.
அப்படி ஒருவன் அந்த வீட்டில் இல்லை.
சீட்டுக் குலுக்கினோம்.
என் பேர்.

நன்றாக வேகவைத்து
வெங்காயம், மிளகு, ஒரே ஒரு உருண்டை.
வழுக்கிக்கொண்டு இறங்கியது.
மற்றவர்கள் பருப்புக் குழம்பும்
என் முகமுமாகச் சாப்பிட்டார்கள்.

வேலையில்லாத அந்த வாரத்தில்
என்னிடம் இரண்டு கணக்குகள் இருந்தன.
ஈரலுக்கு மூன்று நாள், தோலுக்கு ஏழு.
கட்டிலில் படுத்து
கையெல்லாம் தேங்காயெண்ணெய் மினுங்க
இரண்டையும் எண்ணினேன்.
நான்காம் நாள் ஜெரோம்
என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் சட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

எட்டாம் நாள் கண்ணாடியில்
மோதிர விரல் மட்டும் பதிந்தது.
இது போதும் என்றார்கள்.

இப்போது தண்ணீர்க் குழாயை நீட்டி
பேரீச்சைக்கு அடியிலும் சொட்ட விட்டிருக்கிறோம்.
ஊறவைத்த மட்டை, வைக்கோல்,
நடுநடுவே பழைய மெத்தையிலிருந்து
வெள்ளை நூலோடிய பிடிகள்.
புதைத்தது நான்.
ஈரச் சாக்கு போட்டது மொபிசுல்.
புதிதாக எது முளைத்தாலும்
பட்டியலில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.

வேலைக்குக் கிளம்பக் கையுறை மாட்டுகிறேன்.
பின்புறத்திலிருந்து அவன் குரல்:
"பதினாலு!"
கொஞ்சம் பொறுத்து,
"இல்லை, பதினைந்து."